விருந்துக்கு அப்பால் உள்ள அடுப்படி: கொங்கு நாட்டு உணவு நினைவுகளை முன்வைத்துச் சில கருத்துகள்

உணவைப் பற்றிய நினைவெழுத்து தமிழில் இன்று ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. இதழ்களில் தொடர்களாகவும் பின்னர் நூல்களாகவும் வெளிவரும் இவ்வெழுத்துகளில் பாட்டியின் கைப்பக்குவம் உண்டு. விறகடுப்பின் புகை உண்டு. அம்மியில் அரைத்த மசாலையின் மணம் உண்டு. படிப்பதற்கு இனியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இத்தகைய கட்டுரைகள் பத்தினைத் தொடர்ந்து படிக்கும் வாசகருக்கு ஒரு குறை புலப்படாமல் போகாது. உண்டவரின் நாக்கு அங்கே விரிவாகப் பேசுகிறது. சமைத்தவரோ அடுப்பருகே ஒரு நிழலாக நின்று மறைகிறார். பெருநாளின் பண்டம் பல பக்கங்களைப் பெறுகிறது. செவ்வாய்க்கிழமையின் சோறு ஒரு வரியையும் பெறுவதில்லை. உணவு நினைவு இலக்கியமாவதற்குச் சுவையின் வர்ணனை மட்டும் போதுமா, யாருடைய அடுப்படி இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது என்னும் இரு வினாக்களைக் கொங்கு நாட்டை முன்வைத்து இங்கு ஆராய விரும்புகிறோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனை நமது மரபிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது ‘இஹ்யா’வை நான்கு பகுதிகளாக வகுத்தார். வணக்கங்களைப் பற்றிய முதற்பகுதி முடிந்து, வாழ்க்கை நடைமுறைகளைப் பற்றிய இரண்டாம் பகுதி தொடங்கும்போது அவர் முதலில் வைப்பது உண்ணும் ஒழுக்கங்களைப் பற்றிய நூலையே. இல்லறம், பொருளீட்டல், நட்பு, பயணம் யாவும் அதன் பின்னரே வருகின்றன. மனிதன் மனிதனோடு கொள்ளும் உறவுக்கு உணவுத் தட்டையே வாயிலாகக் கொண்டார் அப்பேரறிஞர் என்று இவ்வரிசையைப் புரிந்துகொள்வதில் தவறில்லை.

ஹதீஸ் தொகுப்புகளில் உள்ள உணவு நினைவுகளும் இவ்வகையில் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. ஒரு தையற்காரர் அண்ணலாரை (ஸல்) உணவுக்கு அழைத்தார். சிறுவரான அனஸ் (ரலி) உடன் சென்றார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் இட்ட குழம்பும் வைக்கப்பட்டன. தட்டின் ஓரங்களில் அண்ணலார் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்து உண்டதைக் கண்ட நாள்முதல் தமக்கும் சுரைக்காய் விருப்பமாயிற்று என்று அனஸ் பிற்காலத்தில் கூறினார். எளிய தொழிலாளி ஒருவரின் வீட்டுக் குழம்பு, அதன் பொருள்கள் ஒன்றும் விடாமல், பதினான்கு நூற்றாண்டுகளாக அறிவிக்கப்பட்டு வருகிறது. அங்கே சுவை என்பது ஒருவர் மீது கொண்ட அன்பின் மறுபெயராக நிற்கிறது.

மற்றொன்று, அன்னை ஆயிஷா (ரலி) தம் சகோதரியின் மகன் உர்வாவிடம் கூறியது. இரண்டு மாதங்களில் மூன்று பிறைகள் பார்த்தும் நபியவர்களின் இல்லங்களில் அடுப்பு மூட்டப்படாமல் இருந்ததுண்டு என்றார் அன்னை. அப்படியானால் எதை உண்டு வாழ்ந்தீர்கள் என்று உர்வா வினவ, பேரீச்சம்பழமும் தண்ணீரும்தாம் என்றும், அண்டையில் வாழ்ந்த அன்சாரிகள் தம் கால்நடைகளின் பாலைக் கொடுத்தனுப்புவர் என்றும் விடையிறுத்தார். இதுவும் உணவு நினைவுதான். எரியாத அடுப்பை மறைக்காமலும், அண்டை வீட்டுப் பாலை மறவாமலும் சொல்லப்பட்ட நினைவு. உண்டவர், உண்பித்தவர், உணவின் இன்மை ஆகிய மூன்றையும் உடன்கொண்டுவரும் நினைவே நிறைவானது என்று இவ்விரு அறிவிப்புகளிலிருந்தும் ஓர் அளவுகோலை நாம் வகுத்துக்கொள்கிறோம்.

இனி, கொங்கு நாட்டுக்கு வருவோம். நொய்யலும் பவானியும் அமராவதியும் பாய்ந்தாலும், மேற்கு மலைத்தொடரின் மழை மறைவில் அமைந்த இம்மண்ணின் பெரும்பகுதி புன்செய்க் காடு. கம்பும் சோளமும் ராகியும் கொள்ளும் இங்கு விளைந்தன; அவையே வட்டிலுக்கும் வந்தன. பவானிசாகர் அணை 1955இல் முடிந்து, பின்னர்ப் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டமும் வந்து, நியாய விலைக் கடைகளும் பரவிய பிறகே நாள்தோறும் அரிசிச் சோறு என்பது எளிய வீடுகளுக்கு இயல்பாயிற்று. அதற்கு முற்பட்ட தலைமுறைக்கு நெல்லுச் சோறு நோன்புக்கும் நோவுக்கும் விருந்தாளிக்கும் உரியது. இன்று ‘கொங்குச் சமையல்’ என்னும் பெயர்ப்பலகையின் கீழ் விலைகூட்டி விற்கப்படும் கம்மஞ்சோறும் களியும் ஒரு காலத்தின் வறுமைக் கணக்கு என்பதை உணவு நினைவுகளை எழுதுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை.

அரிசிம்பருப்பைப் பாருங்கள். அரிசியையும் துவரம்பருப்பையும் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு சேர்த்து ஒரே போசியில் பொங்கி இறக்குவது அது. தனியே குழம்பு வேண்டாம். இரண்டாவது அடுப்பு வேண்டாம். ஆலைச் சங்கு ஊதுவதற்குள் தூக்குப்போசியைக் கட்டிக்கொடுக்க வேண்டிய வீட்டுக்கு இதைவிட உகந்த உணவு வேறில்லை. கோவையில் 1888இல் முதல் நூற்பாலை தோன்றி, 1930களில் பைகாரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. மூன்று நேரமாக மாறிமாறி வந்த ஆலை வேலை, குடும்பம் ஒன்றுகூடி உண்ணும் வேளையையே மாற்றியது. சந்தகையோ இதற்கு நேர்மாறானது. மாவை அவித்து எடுத்து இடுவதற்கு ஒருவரும், அழுத்திப் பிழிவதற்கு ஒருவருமாக இரண்டு ஆள் வேண்டும். வீட்டில் எல்லாரும் இருக்கும் நாளில்தான் அது அமையும். ஒரு பண்டத்தின் செய்முறைக்குள் ஒரு குடும்பத்தின் கால அட்டவணையே அடங்கியிருப்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

இவையெல்லாம் முஸ்லிம் வீடுகளுக்கும் பொது என்பதை வலியுறுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. கோவை மஹல்லாக்களில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்களும், தக்னி பேசும் குடும்பங்களும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த மலையாளக் குடும்பங்களும் அடுத்தடுத்து வாழ்கின்றன. ஒரு வீட்டில் பத்திரி, மறுவீட்டில் தால்ச்சா என்று வேறுபாடுகள் உண்டு. ஆனால் வாரத்தின் ஆறு நாள்களில் அவ்வீடுகளின் அடுப்பிலிருப்பது அரிசிம்பருப்பும், கொள்ளுக் கடைசலும், பச்சைப்பயறும், தக்காளி ரசமுமே. 1980களில் நாம் மதரஸாவில் ஓதிய நாள்களில் மஹல்லா வீடுகளில் முறைவைத்து மாணவர்களுக்குச் சோறு போடுவார்கள். அவ்வாறு பல வீடுகளில் உண்டவர்கள் நாம். வெள்ளிக்கிழமை கறி வாய்க்கும். மற்ற நாள்களில் கொள்ளு. “ஓதுற பிள்ளைக்கு மொதல்ல வையி கண்ணு” என்று திரைக்குப் பின்னிருந்து ஒரு குரல் வரும். வீட்டுப் பையன் வட்டிலை வைத்துவிட்டுப் போவான். அக்குரலுக்குரிய பெண்மணி அன்று எப்போது உண்டார், அவருக்கு மிஞ்சியது என்ன என்பதை எந்தக் கட்டுரையும் இதுவரை பதிவு செய்யவில்லை.

கொங்கு மண்ணின் வாழ்க்கையைப் படைப்பிலக்கியம் பதிவு செய்ததில் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) முன்னோடி. அவ்வழியில் வந்த பெருமாள்முருகன் 2000ஆம் ஆண்டில் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யைத் தொகுத்து வெளியிட்டார். அடுப்படிச் சொற்கள் அகராதி ஏறியது இப்பகுதிக்குச் செய்யப்பட்ட பெருந்தொண்டு. அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘கூளமாதாரி’ நமது அளவுகோலுக்குப் பொருந்தும் அரிய நாவல். பண்ணையத்திற்குக் கட்டுப்பட்டு ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவன் கூளையனுக்குக் கவுண்டர் வீட்டிலிருந்து கிடைப்பது தொடாமல் இடப்படும் சோறு. இடுபவரின் கைக்கும் ஏந்துபவரின் கைக்கும் இடையே ஒரு சாதியின் தூரம் இருக்கிறது. ஆனால் மேய்ச்சல் காட்டில், தன்னைப் போன்ற பிள்ளைகளோடு இருப்பதைப் பகிர்ந்துகொள்ளும்போது அவன் முழுமையான குழந்தையாகிறான். பனங்காட்டின் இனிமையை நாவல் மறைக்கவில்லை. அந்த இனிமைக்குரிய விலையையும் மறைக்கவில்லை. கவுண்டர் வீட்டுப் பேரன் எழுதும் உணவு நினைவில் அந்தச் சோறு ‘பாட்டியின் ஈகை’யாக வரக்கூடும். வாங்கியவன் சொல்லும்போதுதான் அதன் மறுபக்கம் தெரிகிறது.

கோவையில் வாழ்ந்து எழுதிவரும் நாஞ்சில் நாடனின் ‘யாம் உண்பேம்’ என்னும் சிறுகதையையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். அவருக்குச் சாகித்திய அகாதெமி விருதைப் (2010) பெற்றுத்தந்த ‘சூடிய பூ சூடற்க’ தொகுதியில் உள்ள கதை அது. மராட்டிய மண்ணில், பயணத்தின் நடுவே உண்ணத் தொடங்கும் ஒருவரின் கையைப் பட்டினியால் வாடிய முதிய விவசாயி பற்றிக்கொள்கிறார். கொடு என்று அவர் கேட்பதில்லை. உண்போம் என்று பன்மையில் மொழிகிறார். தமிழ் இலக்கணம் தன்மைப் பன்மையில் ஒரு நுட்பத்தை வைத்திருக்கிறது. ‘நாம்’ கேட்பவரை உட்படுத்தும், ‘யாம்’ உட்படுத்தாது. அரபு மொழியின் ‘நஹ்னு’வில் இந்த வேறுபாடு இல்லை, இரண்டுக்கும் அதுவே. ஆசிரியர் தலைப்பில் ‘யாம்’ என்று வைத்தார். ஆனால் கதையை முடிக்கும் வாசகர் அச்சொல்லுக்குள் உண்பவரும் பசித்தவரும் சேர்ந்து நிற்பதையே காண்கிறார். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்னும் நபிமொழியின் கருத்தை அறிந்தவர்களுக்கு இக்கதை அந்நியமாக இராது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், திருவனந்தபுரத்தில் நிகழும் ஒரு கதை நமது விவாதத்தின் மையத்துக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. அது ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’. 2011இல் வெளிவந்த ‘அறம்’ தொகுதியில் இடம்பெற்றது. உறவினர் வீட்டில் சோற்றுக்கு அவமானப்பட்ட ஏழை மாணவன், கெத்தேல் சாகிபின் உணவகத்தில் ஆண்டுக்கணக்கில் வயிறார உண்கிறான். சாகிப் காசு கேட்பதில்லை. உண்டியலில் எவர் எவ்வளவு போட்டார் என்று பார்ப்பதும் இல்லை. வேலை கிடைத்தபின் அவன் கடனைத் தீர்க்கும் எண்ணத்தோடு பெருந்தொகையை உண்டியலில் இடுகிறான். அப்போதும் சாகிப் முன்போலவே இறைச்சியை அள்ளி வைத்துவிட்டு நகர்கிறார். கணக்குக்குள் அடங்காத கொடை ஒன்று உண்டு என்பதை உணர்ந்த அவன், தன்னை அவமதித்த அந்த வீட்டின் மகளையே மணக்க முடிவு செய்கிறான். இக்கதை தமிழ் வாசகர்களின் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது நியாயமே. ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும் உணவளித்து, பிரதிபலனையோ நன்றியையோ நாடாதவர்களைத் திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் போற்றுகிறது. அப்பண்பின் உருவமாகவே சாகிப் நமக்குத் தோன்றுகிறார்.

இந்த மகிழ்ச்சியோடு ஒரு வினாவும் எழுகிறது. சாகிபின் கை நமக்கு நன்கு தெரிகிறது. அவருடைய வீட்டு அடுப்படிக்குள் கதை நுழைவதில்லை. அவர் தம் வீட்டில் எதை உண்டார், யாரோடு அமர்ந்து உண்டார், எந்தப் பண்டத்தை விரும்பினார் என்பவை கதைக்குத் தேவைப்படவில்லை. இதைக் கதையின் குறையாகக் கூறுவது முறையாகாது; கதைசொல்லி கண்டது உணவகத்தைத்தான். ஆனால் தமிழ்ப் பொதுவெளியில் முஸ்லிமின் இடம் எது என்று நோக்கும்போது இது ஒரு தனிக் கதையின் தன்மையாக மட்டும் நின்றுவிடவில்லை. திரைப்படத்திலும் நகைச்சுவைத் துணுக்கிலும் பெருநாள் வாழ்த்துகளிலும் முஸ்லிம், பிரியாணியை நீட்டும் கையாகவே காட்சியளிக்கிறார். ஊட்டும் முஸ்லிமைத் தமிழ் அறிந்திருக்கிறது. தம் வீட்டில் ரசஞ்சோறு உண்ணும் முஸ்லிமை அது அவ்வளவாக அறியவில்லை. விருந்தாளியாக ஒரு வீட்டுக்குச் செல்பவர் அவ்வீட்டின் விருந்தை மட்டுமே காண்கிறார். ஒரு வீட்டை அறிவதென்பது அதன் அன்றாடத்தை அறிவது.

கோவையில் இது வெறும் இலக்கியப் பிரச்சினை அன்று. 1997 நவம்பர் இறுதியில் தொடங்கிய கலவரமும், 1998 பிப்ரவரி 14 அன்று நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளும் பல உயிர்களைப் பறித்தன. பல குடும்பங்களைச் சிதைத்தன. அதன்பின் கலந்து வாழ்ந்த தெருக்களிலிருந்து இரு தரப்பினரும் தத்தம் சமுதாயத்தார் மிகுந்த பகுதிகளை நாடினர். தெரு பிரிந்தபோது பண்டமாற்றும் நின்றது. ஒப்புட்டுக்கு ஈடாக வட்டிலாப்பமும், பொங்கலுக்கு ஈடாக நோன்புக் கஞ்சியும் கைமாறிய வீடுகள் தொலைவாயின. குழம்பு வைக்கும்போது தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் அறிவுறுத்தினார்கள். அந்த அறிவுரைக்கு இரண்டு வீடுகள் அருகருகே இருக்கவேண்டும். தொலைவில் வாழும் நண்பருக்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரியாணி கொடுத்தனுப்பலாம். கொள்ளு ரசத்தைக் கொடுத்தனுப்ப இயலாது. ரமளான் மாதத்தில் மாலை நேரத்தில் தூக்குப்போசியோடு பள்ளிவாசல் வாசலில் நிற்கும் பிறமதச் சிறுவர்களை இன்றும் காண்கிறோம். அந்தக் கஞ்சி ஒன்றே, விருந்தாகவும் அன்றாடமாகவும் ஒருங்கே எஞ்சி நிற்கும் உணவு எனலாம்.

இந்நிலையில் எழுதவேண்டிய பொறுப்பு நம்மவர்க்கே முதலில் உரியது. எடுத்துக்காட்டுகள் இல்லாமல் இல்லை. தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’யில் (1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றது) வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்று நாவின் சுவைக்கு இரையாக்கும் முஸ்தபாக்கண்ணு, உணவு நினைவின் மயக்கத்துக்கு ஓர் எச்சரிக்கையாகவே நிற்கிறார். பழம்பெருமையை உண்பவர் தம் வீட்டையே உண்கிறார் என்பதை அந்நாவலைவிடக் கூர்மையாகச் சொன்னது அரிது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) திரைக்குப் பின்னிருக்கும் குரல்களை முன்னறைக்குக் கொண்டுவந்தது. அதன் சில பகுதிகளோடு நமக்கு உடன்பாடில்லாவிடினும், பெண்களின் அடுப்படிப் பேச்சை இலக்கியமாக்கிய அதன் தகுதியை மறுப்பதற்கில்லை. பழனிக்கு அண்மையிலுள்ள கீரனூரைச் சேர்ந்த கீரனூர் ஜாகிர்ராஜாவின் ‘மீன்காரத் தெரு’ (2006), ஒரே ஊரின் முஸ்லிம்களுக்குள்ளேயே தொழிலால் தாழ்த்தி வைக்கப்பட்ட ஒரு தெருவின் கதை. கொங்கின் விளிம்புவரை இவ்வாறு எழுத்து வந்திருக்கிறது. கோவையின் ஆலைத் தொழிலாளி வீட்டுக்கும், துணி மூட்டையோடு ஊர் ஊராகச் சென்ற வியாபாரியின் வீட்டுக்கும் அது இன்னும் உள்நுழைந்து செல்லவேண்டும்.

எவ்வாறு எழுதுவது? ஹிஜ்ரி 255இல் மறைந்த பஸ்ராவின் ஜாஹிழ், கஞ்சர்களைப் பற்றி எழுதிய ‘அல்புகலா’ இதற்கு நல்ல வழிகாட்டி. அதில் மர்யம் என்றொரு பெண் வருகிறார். மகளுக்கு அவர் செய்துபோட்ட நகைகளையும் ஆடைகளையும் கண்ட கணவர் திகைத்து, இவ்வளவு பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். மகள் பிறந்த நாள்முதல் மாவு பிசையும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துவைத்து, சேர்ந்ததை விற்றுப் பணமாக்கியதாக அவர் விடை கூறுகிறார். நம் வீடுகளின் பிடியரிசி வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த மர்யம் அண்டை வீட்டுப் பெண்ணாகவே தோன்றுவார். உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடியைப் பானையில் போட்டுவைத்து, அதைப் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் கொடுத்த பெண்களின் பெயர் எந்த நன்கொடைக் கல்வெட்டிலும் இல்லை. ஜாஹிழ் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பிடி மாவின் கணக்கை இலக்கியமாக்கினார். செல்வர்களின் விருந்தைப் பாடியவர்கள் பலர் இருந்த காலத்தில், சிக்கனமான வீடுகளின் அன்றாடத்தைப் பதிவு செய்ததால் அந்நூல் இன்றும் உயிரோடிருக்கிறது.

திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தில் 61ஆம் வசனம், எவரெவர் வீட்டில் உண்பது குற்றமாகாது என்று ஒரு பட்டியல் தருகிறது. தந்தையர், அன்னையர், சகோதரர், சகோதரியர், தந்தையின் உடன்பிறந்தோர், தாயின் உடன்பிறந்தோர் ஆகியோரின் வீடுகள். சாவி நம் கையில் ஒப்படைக்கப்பட்ட வீடு. இறுதியாக, நண்பரின் வீடு. சேர்ந்து உண்பதும் தனித்து உண்பதும் குற்றமன்று என்றும் அது தொடர்கிறது. சட்ட நூல்களில் இதன் விளக்கம் விரிவாக உண்டு. இலக்கிய மாணவருக்கோ இது ஓர் எழுத்துத் திட்டமாகவும் தோன்றக்கூடும். அத்தா வீடு, நன்னி வீடு, மாமி வீடு, பெரியம்மா வீடு என்று ஒவ்வோர் அடுப்படியாகச் சென்று, அங்கு என்ன வெந்தது, யார் வேகவைத்தார், யார் கடைசியில் உண்டார், எந்த ஆண்டில் எது இல்லாமல் போயிற்று என்று கேட்டு எழுதினால் ஒரு சமுதாயத்தின் வரலாறே உருவாகிவிடும். நண்பரின் வீடும் அப்பட்டியலில் இருக்கிறது என்பதைக் கோவையில் வாழும் நாம் மறக்கலாகாது.

கம்பைக் குத்திப் புடைத்த தலைமுறை வேகமாக மறைந்துவருகிறது. அவர்களோடு செய்முறைகளும், அச்செய்முறைகளுக்குரிய சொற்களும் மறைகின்றன. கல்லூரிகளில் தமிழும் அரபும் பயிலும் நம் பெண் மாணவியர் இன்று எண்ணிக்கையில் பெருகியிருக்கிறார்கள். ஆண்களாகிய நாம் திரைக்கு இப்பால் வட்டிலைப் பார்த்தவர்கள்; அவர்கள் திரைக்கு அப்பால் அடுப்பைப் பார்த்தவர்கள். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவியும் தம் நன்னியிடம் பெருநாள் பிரியாணியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவைத்து, ஒரு சாதாரண நாளில் காலைமுதல் இரவுவரை அடுப்பில் என்னென்ன ஏறியது என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொண்டு வரட்டும். தமிழ் இலக்கியத்துக்கு அது புதிய வரவாக அமையும். அண்டை வீட்டாருக்கு அது நம் வீட்டின் உள்வாயிலைத் திறந்துவைக்கும்.